கேட்கக் கூடாத வீடு

மாமனார் வீட்டின் மேல் கோடு விழுந்ததைப் பொறியாளர் முதலில் நம்பவில்லை. பென்சிலைக் கூராக்கிக்கொண்டு வந்து இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார். ஸ்கேல்தான் பொய் சொல்கிறதோ என்று வேறொரு ஸ்கேலை வைத்துப் பார்த்தார். கோடு அசைந்துகொடுக்கவில்லை. வரைபடத்தில் கடலோரமாகக் கடுகளவு இருந்த அந்த ஊரின் உச்சந்தலையில் ஏறித்தான் தெற்கே போனது.

விஷயம் இதுதான். வானொலி நிலையத்தின் ஒலிபரப்புக் கம்பங்களை இடம் மாற்றுகிறார்கள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் ஆற்று முகத்துவாரத்துச் சதுப்பில் அவற்றை நட்டபோது சுற்றிலும் கொக்குகள்தான் குடியிருந்தன. இப்போது அடுக்குமாடிகள். ஒரு வீட்டுத் தொலைபேசியில் பேச எடுத்தால் செய்தி கேட்கிறது, இன்னொரு வீட்டில் பிள்ளைகள் பாடம் கேட்கும் பெட்டியில் மீன்பிடிப் படகுகளுக்கான எச்சரிக்கை வருகிறது என்று புகார்மேல் புகார். பின்னால் வந்தவர்கள் முன்னால் வந்தவனைக் கிளப்புவது உலக வழக்கம்தானே. மேற்கே இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு பொட்டல் வெளியைக் காட்டி, அங்கே போங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

கம்பத்தைப் பிடுங்கி நடுவது பெரிய வேலை இல்லை. மீடியம் வேவ் அலையின் குணம்தான் தொல்லை. பகலெல்லாம் சாதுவாகத் தரையோடு தரையாகப் போய், நூறு நூற்றைம்பது கிலோமீட்டரில் களைத்து நின்றுவிடும். பொழுது சாய்ந்ததோ, அதற்குக் கால் முளைத்துவிடும். வானத்தில் முட்டித் திரும்பி, கூப்பிடாத ஊர்களிலெல்லாம் போய் இறங்கும். தெற்கே வெகுதூரத்தில் இதே அலைவரிசையில் இன்னொரு நிலையம் இருந்தது. அவர்கள் பேச்சின்மேல் நம் பேச்சு போய் விழக் கூடாது என்பது உரிமத்தின் முதல் நிபந்தனை. அதனால் பகலில் ஒரு கம்பம் மட்டும் வேலை செய்யும். அந்தியில் இரண்டாவது கம்பத்தையும் சேர்ப்பார்கள். இரண்டும் சேர்ந்து, அந்த நிலையம் இருக்கும் ஒரு திசையில் மட்டும் ஒன்றின் வாயை ஒன்று பொத்திக்கொள்ளும். மற்றத் திசைகளில் வழக்கம்போல் பேசும்.

பழைய இடத்திலிருந்து இந்த ஊமைக்கோடு கடலில் விழுந்தது. மீன்கள் யாரும் புகார் எழுதவில்லை. இருபது கிலோமீட்டர் மேற்கே நகர்ந்ததும் கோடும் கரையேறி, தொண்ணூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த மாமனாரின் ஊரைப் பிடித்துக்கொண்டது. இனி அந்தி சாய்ந்தால் அந்த ஊரில் இந்த நிலையம் கேட்காது. அந்தி சாய்ந்த பிறகு, ஆறரை மணிக்குச் செய்தியும் வானிலையும் வாசிப்பவள் பொறியாளரின் மனைவி. மாமனாரின் ஒரே மகள்.

மாமனார் கப்பலில் வயர்லெஸ் அதிகாரியாக இருந்தவர். மனைவியைச் சீக்கிரமே பறிகொடுத்தவர். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால், மகள் இன்னாரைக் கட்டிக்கொள்ளப் போகிறேன் என்று சொன்னபோது அவர் நடுக்கடலில் இருந்தார். வேண்டாம் என்று சொல்லவில்லை. கரைக்கு வரும்வரை பொறுக்கச் சொல்லி ஒரே ஒரு வரி அனுப்பினார். பொறியாளருக்கு அப்போது மாற்றல் உத்தரவு வந்திருந்தது. கல்யாணமானவர்களுக்குத்தான் குடியிருப்பு என்றார்கள். பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். ஏழாவது நாள் கப்பல் வந்தது. "ஒரு வாரம். ஒரே வாரம் பொறுக்க முடியல" என்று வாசலிலேயே சொல்லிவிட்டு அவர் கதவைச் சாத்தினார். மகள் எழுதிய கடிதங்கள் பிரிக்காமல் திரும்பி வந்தன. நாலைந்துக்குப் பிறகு அவளும் நிறுத்திக்கொண்டாள். அப்பனுக்குத் தப்பாமல் பிறந்த மகள்.

ஆனால் அடுத்த வருஷமே பொறியியல் பிரிவுக்கு ஓர் அறிக்கை வந்தது.

வானொலி நிலையங்களில் அப்படி ஒரு பழக்கம் உண்டு. ஒலிபரப்பு எப்படிக் கேட்கிறது என்று நேயர்கள் எழுதி அனுப்பலாம். அதற்கென்று அச்சடித்த படிவம் இருக்கிறது. வலு எத்தனை, தெளிவு எத்தனை, இரைச்சல் எத்தனை என்று ஐந்துக்கு மதிப்பெண் போட வேண்டும். உண்மையிலேயே கேட்டதற்குச் சாட்சியாக, எந்த நிமிஷத்தில் என்ன கேட்டது என்று இரண்டு வரி எழுத வேண்டும். கடைசிக் கட்டத்தில், 'இயல்பான குரலோடு ஒப்பிட்டால் எப்படி?' என்று ஒரு கேள்வி. நிலையம் சரிபார்த்து முத்திரை குத்தி, பதில் அட்டை ஒன்று அனுப்பும். வந்த படிவத்தில் பெயர் இருக்கவில்லை, 'ஒரு நேயர்' என்றிருந்தது. ஊர் இருந்தது. வலு நான்கு, தெளிவு நான்கு. சாட்சி: '6.34, அறிவிப்பாளர் காற்றின் வேகம் வாசிக்கையில் இருமினார். 6.41, மறுபடியும். வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளிக்கலாம்.' கடைசிக் கட்டத்தில் ஒரு சின்னக் கோடு. அடியில், 'இது பொறியியல் பிரிவின் கவனத்துக்கு மட்டும்.'

எந்த நேயர் ஐயா கொப்பளிக்கச் சொல்லி எழுதுவார்? பொறியாளருக்கு ஆள் யாரென்று பிடிபட அரை நிமிஷம் ஆகவில்லை. அன்று வீட்டுக்குப் போய், "உப்புத் தண்ணி போட்டுக் கொப்பளியேன்" என்று மட்டும் சொன்னார். என் தொண்டை சரியில்லாதது உங்களுக்கு எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டாள். ரேடியோவில் கேட்டேன் என்றார். அவள் அவரை அப்படி ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்காகவே அவர் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை.

அப்படித் தொடங்கியது பதினோரு வருஷம் ஓடிவிட்டது. மாதம் தவறாமல் ஓர் அறிக்கை. அவள் பிரசவத்துக்காக விடுப்பில் இருந்தபோது, 'வேறொருவர் வாசிக்கிறார். காரணம்?' என்று ஒரு படிவம் வந்தது. பதில் அட்டையில் பொறியாளர், 'அறிவிப்பாளர் விடுப்பில். பெண் குழந்தை. இருவரும் நலம்' என்று எழுதிப் போட்டார். அடுத்த படிவத்தில் எதையோ எழுதி, பலமாக அடித்துவிட்டு, பக்கத்தில் 'செய்தி பெறப்பட்டது' என்று எழுதியிருந்தார் மாமனார். பொறியாளர் அந்த அடித்தலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒன்றும் தெரியவில்லை.

முதலில், சொல்ல வேண்டாம் என்று மாமனார் கேட்டுக்கொண்டதால் மனைவியிடம் சொல்லவில்லை. பிறகு, சொன்னால் இவள் எழுதுவாள், அவர் கூச்சப்பட்டு நிறுத்திவிடுவார் என்ற பயம். அதற்கும் பிறகு, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்ற கேள்விக்குப் பதில் இல்லாததால் சொல்லவில்லை. ஒளித்து வைத்ததெல்லாம் இப்படித்தான் வயசாகிக் கனத்துப்போகும்.

இப்போது கோடு வந்து விழுந்திருக்கிறது. அந்த மனிதர் தினமும் ஆறரைக்குக் கேட்கிற குரலை, அவர் மகளைக் கூட்டிக்கொண்டு போனவனே இரண்டாவது தடவையும் பிடுங்க வேண்டும்.

புதிய இடத்தில் வேலை நடந்த ஆறு மாதமும் பொறியாளர் சரியாகத் தூங்கவில்லை. ஒவ்வொரு கம்பத்தின் அடியிலிருந்தும் குடைக்கம்பிகள் மாதிரி நூற்றிருபது செப்புக் கம்பிகளை மண்ணுக்குள் புதைத்தார்கள். ஒன்றுவிடாமல் அவர் கூடவே நடந்து பார்த்தார். எல்லாம் சுத்தமாக இருந்தது. அவர் மனசுதான் சுத்தமாக இல்லை. சோதனை ஒலிபரப்பு தொடங்கிய அன்று அந்தியில், கோணத்தைத் திருத்தும் பெட்டிக்கு முன்னால் தனியாக நின்று, குமிழை ஒரு மயிரிழை திருப்பினார். ஊமைக்கோடு மாமனார் ஊரைவிட்டு நகர்ந்து மேற்கே ஆளில்லாத காட்டுப் பக்கம் போனது. கோட்டின் மேல் மூன்று இடங்களில் மீட்டர் வைத்து அளந்து எழுத வேண்டும். அவர் காட்டுப் பக்கம் போய் அளந்து எழுதினார். எண்கள் எல்லாம் சத்தியம். இடங்கள்தான் பொய்.

தெற்கே அந்த இன்னொரு நிலையத்தின்மேல் என்ன விழுகிறது என்று அவர் நினைத்துப் பார்க்காமல் இல்லை. கொஞ்சம்தான் விழும், யாருக்குத் தெரியப்போகிறது என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார். இருபத்து மூன்று வருஷச் சேவையில் செய்த முதல் களவு.

பன்னிரண்டாம் நாள் அறிக்கை வந்தது. வலு ஐந்து, தெளிவு ஐந்து. பொறியாளருக்கு வாயெல்லாம் பல்லாகிவிட்டது. சாட்சிக் கட்டத்துக்கு வந்ததும் பல் உள்ளே போனது. இடம் போதாமல் பின்பக்கமும் எழுதியிருந்தார் மாமனார்.

'புதிய இடம் பற்றிய அறிவிப்பைச் செய்தித்தாளில் பார்த்தேன். வரைபடத்தில் கோடு போட்டேன். என் வீடு கோட்டின் மேல் இருக்கிறது. எனக்குக் கேட்கக் கூடாது. கேட்கிறது. ஆகவே உங்கள் கோணம் தவறு. தெற்கே உள்ள நிலையத்தின் நேயர்களுக்கு உங்கள் ஒலிபரப்பு இடையூறாக இருக்கும். அங்கேயும் ஒரு வீட்டில் ஒருவர் ஒரு குரலுக்காக உட்கார்ந்திருக்கலாம். முப்பது வருஷம் நான் இன்னொருவர் செய்தியின்மேல் பேசியதில்லை. உடனே திருத்தவும். அறிவிப்பாளர் குரல் நன்றாக இருந்தது.'

கடைசிக் கட்டத்தில் வழக்கம்போல் கோடு. பொறியாளர் படிவத்தை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கேட்கிறது என்பதையே குற்றமாக எழுதி அனுப்புகிற மனிதரை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அலுவலக அலமாரியைத் திறந்து, பதினோரு வருஷத்து அறிக்கைகளையும் ஒரு துணிப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் அவளுக்கு வார விடுமுறை. மகள் பள்ளிக்குப் போன பிறகு சமையலறை மேசைமேல் பையைக் கவிழ்த்தார். அவள் மேலே கிடந்ததை எடுத்தாள். கையெழுத்தைப் பார்த்ததும் நாற்காலியைக் கையால் தடவிப் பிடித்து உட்கார்ந்தாள். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பொறியாளர் எழுந்து போய் அணைத்தார். அவள் ஒன்றொன்றாகப் படித்தாள். பதினோரு மணி ஆனது.

"உப்புத் தண்ணி?" என்று கேட்டாள்.

"அவர் சொன்னது."

"ஏசிக்கு நேரா உக்காராதேன்னு சொன்னீங்களே."

"அதுவும்தான்."

"வேகமா வாசிக்கிறே, மூச்சு வாங்குது, டாக்டரப் பாருன்னு?"

அவர் தலையை மட்டும் அசைத்தார்.

"அப்ப உங்க அக்கறைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்ததுல உங்களோடது எதுங்க?"

"கொண்டுவந்து சேர்த்தது" என்றார் பொறியாளர். சொன்ன பிறகு, சொல்லாமலிருந்திருக்கலாம் என்று தோன்றியது.

அவள் அழவில்லை. கோபப்பட்டாள். பேசும் தொழில் செய்பவள் பேசாமல் கோபப்பட்டால் வீடு தாங்காது. பிள்ளை பிறந்த மாதத்துப் படிவத்தைத் தனியே எடுத்து, அந்த அடித்தலைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தாள். ராத்திரி ராத்திரியாக, அப்பா உயிரோடு இருக்கிறாரா என்று யாரிடம் கேட்பது என்று தெரியாமல் கிடந்திருக்கிறேன் என்றாள். பக்கத்தில்தான் படுத்திருந்தீர்கள் என்றாள். மத்தியானம் போல, குமிழைத் திருப்பிய கதையையும் சொல்லி முடித்தார். சரிசெய்துவிடுகிறேன், அதற்குப் பிறகு அவருக்கு உன் குரல் கேட்காது, எனக்கு வேறு வழி தெரியவில்லை என்றார்.

அவள் படிவங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள்.

"பகல்ல இந்தக் கோடு உண்டா?"

"கிடையாது. பகல்ல ஒத்தக் கம்பம். எல்லாப் பக்கமும் போகும்."

"அவர் ஊருக்கும்?"

"தாராளமா."

"அப்ப நான் காலைச் செய்திக்கு மாறிட்டா?"

பொறியாளர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு மாதம். கோணம், கம்பி, மீட்டர், காட்டு வழி, களவு. பணிப்பட்டியலில் ஒரு பெயரை மாற்றினால் தீர்கிற காரியம். அவருக்கு அது தோன்றவே இல்லை. எப்படித் தோன்றும்? அவளிடம் கேட்டிருந்தால் அல்லவா தோன்றும்.

"ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றாள். இரண்டு நிமிஷம் கழித்து அதையே இன்னொரு தடவை சொன்னாள்.

பதில் அட்டையில் அவர் முத்திரை குத்தி, 'கோணம் திருத்தப்படுகிறது. நன்றி' என்று எழுதினார். அவள் பேனாவை வாங்கி அடியில் எழுதினாள்: 'திங்கள் முதல் காலை ஆறரைக்கு. தொண்டை நலம்.' கையெழுத்துப் போடவில்லை. எழுத்தே போதும் என்றாள். தெருமுனைத் தபால் பெட்டியில் தானே போய்ப் போட்டுவிட்டு வந்தாள். நாளை மாலைக்குள் நீங்கள் கோட்டைச் சரிசெய்யுங்கள், அளக்கப் போகும்போது வீட்டுக்குள் மட்டும் போகாதீர்கள் என்றாள். "முதல்ல நான் போகணும்."

மறுநாள் பொறியாளர் குமிழை இருக்க வேண்டிய இடத்தில் வைத்துப் பூட்டினார். அந்தியில் இரண்டாம் கம்பத்தைச் சேர்க்கும் பொறுப்பை டெக்னீஷியனிடம் விட்டுவிட்டு, மீட்டரோடு தெற்கே போனார். முதல் இடம் ஒரு பாலம், இரண்டாவது ஒரு தண்ணீர்த் தொட்டி. மூன்றாவது இடம் மாமனாரின் தெரு. கணக்கு அப்படித்தான் வந்திருந்தது.

ஆறரைக்கு அவர் தெருவின் எதிர்ப்பக்கம், ஒரு பூட்டிய கடையின் படியில் மீட்டரை வைத்து நின்றார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மாமனார் வெள்ளைச் சட்டையின் பொத்தான்களை மேல்வரை போட்டு, கச்சேரிக்குக் கிளம்பியவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். முன்னால் ரேடியோ. பக்கத்தில் படிவமும் பேனாவும். தலை முழுக்க நரைத்துவிட்டது. அது பொறியாளருக்குத் திடுக்கென்றது. பதினோரு வருஷமாகக் கையெழுத்து மாறவில்லை, ஆளும் அப்படியே இருப்பார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மீட்டரின் முள் கிட்டத்தட்ட அடியில் கிடந்தது. வேலை சுத்தம். காதுக் கருவியைப் போட்டுக்கொண்டால், மீட்டர் நல்ல மீட்டர் என்பதால், இரைச்சலுக்கு அடியில் அவள் குரல் நூலாகக் கேட்டது. சாதாரண ரேடியோவில் அதுகூட வராது. மாமனார் பெட்டியை இந்தப் பக்கம் திருப்பினார், அந்தப் பக்கம் திருப்பினார். கேட்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தவரே அவர்தான். ஆனாலும் பெட்டியில் காதை ஒட்டவைத்துக்கொண்டு, செய்தி முடியும் நேரம் வரைக்கும் குனிந்தபடியே இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தார். பெட்டியை அணைத்து ஒரு துணியால் துடைத்தார். பிறகு படிவத்தில் எழுத ஆரம்பித்தார். தெருவைக் கடந்துபோய்க் காதுக் கருவியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும் போலிருந்தது பொறியாளருக்கு. பத்தடி தூரம்தான். அவள் சொல்லியிருந்ததால் போகவில்லை. அட்டை நாளையோ மறுநாளோ வந்துவிடும், பொறுத்துக்கொள்ளுங்கள் மாமா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டார். பொறுக்கச் சொல்வதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது.

காலைச் செய்தியை வாசிப்பவர் அவளுக்கு இடம் விட்டுக்கொடுக்க ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. நாலு மணிக்கு எழுந்திருக்கும் தண்டனையிலிருந்து விடுதலை என்று இனிப்பு வாங்கிக் கொடுத்தார். திங்கட்கிழமை அவள் வாசித்தாள். கேட்கிறாரா இல்லையா என்று தெரியாமல், வார விடுமுறைகூட எடுக்காமல் தினமும் வாசித்தாள். ஒரு வாரம் போனது. இரண்டு வாரம் போனது. தபால் வரும் நேரத்துக்கு அவள் ஏதாவது சாக்கு வைத்துப் பொறியியல் பிரிவுக்கு வந்து நிற்பாள். மேசையைப் பார்ப்பாள், போய்விடுவாள். என் கையெழுத்தைப் பார்த்ததும் பழையபடி கதவைச் சாத்திக்கொண்டாரோ என்று ஒருநாள் கேட்டாள். இருக்காது என்று பொறியாளர் சொன்னார். அவருக்கும் அந்தப் பயம்தான் இருந்தது.

பத்தொன்பதாம் நாள் வந்தது. 'பொறியாளர் அவர்களுக்கு' என்றுதான் இருந்தது. மாப்பிள்ளை பதவி இன்னும் காலியாகவே கிடந்தது. இந்தத் தடவை அவர் தான் பிரிக்காமல், ஒலிப்பதிவு அறைக்கு எடுத்துப் போய் அவளிடம் கொடுத்தார். இரண்டு பேரும் சேர்ந்து படித்தார்கள்.

மாலை: வலு பூஜ்யம். கோணம் சரி. காலை, பதினாறு நாட்கள் தொடர்ந்து கேட்டதன் சராசரி: வலு ஐந்து, தெளிவு ஐந்து, இரைச்சல் இல்லை. சாட்சி: 'முதல் நாள், 6.30. அறிவிப்பாளர் வணக்கம் சொல்லி மூன்று நொடி நின்றார்.' பொறியியல் பிரிவின் கவனத்துக்கு மட்டும் என்ற வரி இல்லை.

பதினோரு வருஷமாக வெறும் கோடு கிடந்த கடைசிக் கட்டத்தில், இயல்பான குரலோடு ஒப்பிட்டால் எப்படி என்ற கேள்விக்கு எதிரே, சின்ன எழுத்தில் நெருக்கி எழுதியிருந்தார்: 'சொல்ல முடியவில்லை. நேரில் கேட்டு ரொம்ப நாளாகிவிட்டது.'

அவள் அதைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள். படிவத்தை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டு, சுவரில் தொங்கிய பணிப்பட்டியலுக்குப் போனாள். சனிக்கிழமைக் கட்டத்தில் தன் பெயரை அடித்தாள்.

"சனிக்கிழமை வேற யாரையாவது வாசிக்கச் சொல்லுங்க" என்றாள். "அன்னைக்கு அப்பா ரேடியோ போட வேண்டாம்."